கெமிஸ்ட்ரி படித்துவிட்டு கார்ட்டூன் வரைந்தவர்

மாலையில் நம் வளாகத்தில் விளையாட்டுச் சத்தம் அடங்கிவிட்டால், பிள்ளைகள் கார்ட்டூன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். டாம் அண்ட் ஜெர்ரியைத் தெரிந்த அவர்களுக்கு ராம் மோகனைத் தெரியுமா? நமக்காவது தெரியுமா?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்றவர் அவர். 1956-இல் வேலைக்குச் சேர்ந்ததோ பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில்! டிஸ்னியின் 'பேம்பி' படத்தில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் அங்கே பயிற்சி கொடுத்தார். விநாடிக்கு 24 பிரேம்; எல்லாமே கையால் வரைந்த காலம்.

1972-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். பெண் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று தெற்காசியா முழுக்கச் சொன்ன யுனிசெஃபின் 'மீனா' கார்ட்டூனில் அவருடைய கைவண்ணம் உண்டு.

ஜப்பானியரான யூகோ சாகோவுடன் சேர்ந்து ராமாயணத்தைக் கார்ட்டூன் படமாக இயக்கினார். 1990களின் தொடக்கத்தில் தயாரான அந்தப் படம் அப்போது நம் தியேட்டர்களில் பரவலாக ஓடவில்லை. டிவியில் பார்த்த பிள்ளைகள்தான் மறக்காமல் வைத்திருந்தார்கள். 2025 ஜனவரியில் தமிழிலும் பேசிக்கொண்டு அது தியேட்டருக்கு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 2014-இல் பத்மஸ்ரீ பெற்ற அவர், 2019-இல் மறைந்துவிட்டார்.

கொட்டாம்பட்டியில் நம் வீட்டுப் பிள்ளையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரையலாம். அதைப் பார்த்தால் உடனே திட்டாதீர்கள். ஒரு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, "இது யாரு?" என்று கேளுங்கள்.