துயிலா, சொல்லா? அறிதுயில் சிகிச்சையில் கருத்தேற்றத்தின் இடம்

வங்காளத்தின் ஹூக்ளியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் எஸ்டெய்ல், 1845 ஏப்ரலில், விரைவீக்கத்தால் வருந்திய கைதி ஒருவருக்கு மயக்க மருந்தின்றி அறுவை செய்தார். பாஸ்டனில் ஈதர் அரங்கேற இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. அறிதுயிலுக்கு முன்னோடியான, உடலின் மேல் கைகளைத் திரும்பத் திரும்ப மெல்ல இறக்கும் மெஸ்மரிச முறையே அவர் நம்பிய கருவி. மறு ஆண்டு அரசு அமைத்த குழுவின் கண்முன் அறுவைக்கு உட்பட்டவர்களில் சிலர் முகம் சுளித்தனர், உடலை முறுக்கினர்; விழித்தபின் வலியே தெரியவில்லை என்றனர். நடிக்கிறார்கள் என்றனர் ஐயுற்றோர். ஈதரும் 1847இல் குளோரோஃபாரமும் வந்தபின் அந்த வழக்கை யாரும் தொடரவில்லை.

நடிப்பு என்று தள்ளாமல், உடல் துடிப்பும் ‘வலி இல்லை’ என்ற கூற்றும் ஒருசேர உண்மையாக இருக்க முடியுமா என்று கேட்டிருக்க வேண்டும். முடியும் என்பதற்கான தடயம் மான்ட்ரியாலில் கிடைத்தது. பியர் ரென்வில் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், அறிதுயிலில் இருந்தவர்கள் வலி தரும் வெந்நீரில் கை வைத்திருந்தனர். வலியின் தொல்லை கூடுகிறது அல்லது குறைகிறது என்று அவர்களுக்குக் கருத்தேற்றம் செய்யப்பட்டது. மூளையின் முன் சிங்குலேட் புறணியின் இயக்கம் அதற்கேற்ப மாறியது. தொடுகையையும் வலியையும் பதியும் உடலுணர்வுப் புறணி ஏறக்குறைய அப்படியே இருந்தது. 2001இல் அதே ஆய்வுக்கூடத்தினர் தொல்லையை விட்டுவிட்டு வலியின் கடுமையைக் குறிவைத்துச் சொன்னார்கள். இம்முறை உடலுணர்வுப் புறணி அசைந்தது. இரண்டிலும் அறிதுயில் உண்டு; வேறுபட்டது சொல்.

எனவே இந்தச் சிகிச்சையின் வினைப்பொருள் துயில் அன்று, கருத்தேற்றம் என்பது என் வாதம். துயிலூட்டும் சடங்கின்றி அதே கருத்தேற்றங்களைச் சொன்னாலும் பெரும்பாலோரிடம் விளைவு சற்றே குறைவதைத் தவிர வேறில்லை என்று இர்விங் கிர்ஷும் அவருடன் பணியாற்றியோரும் காட்டியிருப்பது இதற்கு வலுச்சேர்க்கிறது.

ஒரு மறுப்பு எழும்: எஸ்டெய்ல் பேசவே இல்லையே? அவருடைய உதவியாளர்கள் இருட்டறையில் மணிக்கணக்கில் கைகளை மட்டும் அசைத்தனர். ஆனால் சொல் வாயிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. மந்திரித்துத் தடவி நோயை இறக்கும் வழக்கம் அந்த நோயாளிகளின் ஊர்களிலேயே இருந்தது. எஸ்டெய்லே அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். கையசைவின் பொருள் அவர்களுக்கு முன்பே தெரியும். காந்தப் பாய்மம் ஒன்று தம் விரல்வழி பாய்வதாக நம்பிய அவர்தான் கையசைவே கருத்தேற்றமாவதைக் காணவில்லை.

இன்றைய பயன்களில் எனக்கு மிகவும் உறுதியாகத் தோன்றுவது குடல் சார்ந்தது. மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழுவினர் 1984இல், மருந்துக்கு அடங்காத ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) நோயாளிகள் 30 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஒரு பிரிவுக்கு உளவியல் உரையாடலும் போலி மாத்திரையும், மற்றதற்கு அறிதுயில். வயிற்றின் மேல் கையை வைத்து, அங்கே பரவும் சூட்டை உணர்ந்து, குடலின் இயக்கம் தன் வசப்படுவதாக எண்ணச் செய்தனர். அறிதுயில் பிரிவு தெளிவாக முந்தியது. பொதுவாக ‘தளர்வாக இருங்கள்’ என்று சொல்லாமல் குடலை நோக்கியே பேசியதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2008இல், ஓராண்டு மருந்துக்கும் இணங்காதோர்க்கு இதையும் ஒரு வழியாகப் பரிந்துரைத்தது. புகைப்பழக்கத்தை விடுவிக்கும் என்ற விளம்பரங்களுக்கு இத்தகைய ஆதாரம் இல்லை.

எல்லோரும் ஒரே அளவில் இணங்குவதுமில்லை. ஸ்டான்ஃபோர்டில் வகுத்த ஏற்புத்திறன் அளவுகோலால் முன்பு அளக்கப்பட்டவர்களை 25 ஆண்டுகளுக்குப் பின் மறுபடி அளந்தபோது மதிப்பெண்கள் பெரிதும் மாறவில்லை. இந்த ஏற்புத்திறனையும் சொல்லப்பட்ட கருத்தேற்ற உரையையும் விட்டுவிட்டு ‘அறிதுயில் அளிக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதும் ஆய்வறிக்கை, மாத்திரையின் பெயரையும் அளவையும் மறைத்த மருந்துச்சீட்டுக்கு ஒப்பு.

சொல்லுக்கு இத்தனை வலு உண்டெனில் கெடுதலும் அங்கேதான். அறிதுயிலில் மீட்ட நினைவுகளில் பிழைகள் மலிகின்றன, கூடவே அவற்றின் மீதான உறுதியும் வளர்கிறது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985இல் எச்சரித்தது. அதற்கு மூன்றாண்டு முன்பே கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், நிகழ்ந்ததை நினைவூட்ட அறிதுயிலுக்கு உட்படுத்தப்பட்ட சாட்சி அந்நிகழ்ச்சி பற்றிச் சொல்வதை ஏற்க மறுத்திருந்தது. ‘சிறுவயதில் ஏதோ நடந்திருக்கும், தேடிப்பாருங்கள்’ என்று நோயாளியைத் தூண்டும் சிகிச்சையாளர் செய்வதும் அதே வேலைதான். அங்கே குறுக்கு விசாரணை செய்ய ஆளில்லை.