மூக்கிரட்டை வேரும் நீர் மாத்திரையும்

செஞ்சியை அடுத்த வல்லம் பக்கம் மழைக்காலத்தில் வரப்போரமாக நடந்து பாருங்கள். தரையோடு தரையாகப் படர்ந்து, சின்னஞ்சிறு இளஞ்சிவப்புப் பூக்களுடன் ஒரு கொடி காலில் தட்டுப்படும். அதுதான் மூக்கிரட்டை. கோடையில் மேற்புறம் கருகிவிட்டாலும் வேர் மண்ணுக்குள் உயிரோடிருக்கும். மழை விழுந்ததும் துளிர்த்துவிடும். வடமொழியில் இதைப் புனர்நவா, அதாவது மீண்டும் புதிதாவது, என்று அழைப்பது அதனால்தான். தாவர நூலார் இட்ட பெயர் போயர்ஹாவியா. ஹாலந்தின் லெய்டன் நகரில் மருத்துவம் கற்பித்த போயர்ஹாவேயின் பெயர் நம் வரப்புக் களையில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது!

உடல் வீங்கியவர்களுக்கு இதன் வேரைக் கஷாயமாக்கிக் கொடுப்பது நம் நாட்டு வைத்தியத்தில் பழைய வழக்கம். வீங்கிய காலை விரலால் அமுக்கினால் குழி விழும். அது மெல்லத்தான் நிரம்பும். திசுக்களின் இடையே தேங்கிய உப்புநீர் அது. வயிற்றில் தேங்கினால் மகோதரம். நுரையீரலில் தேங்கினாலோ நோயாளி படுக்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்தே மூச்சுத் திணறுவார். தன் உடல் நீரிலேயே ஒருவர் மூழ்குகிறார் என்றால் மிகையாகாது.

இத்தகையோருக்கு டிஜிடாலிஸ் என்னும் செடியின் இலையைக் கொடுத்து, தாம் கண்டதை 1785-இல் நூலாக எழுதினார் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங். சிறுநீர் ஏராளமாகப் பிரிந்தது, வீக்கம் வடிந்தது. ஆகவே அதையும் நீர்பெருக்கி மருந்தாகவே கருதினார்கள். உண்மையில் அது வேலை செய்தது இதயத்தில். இதயம் வலுவாகத் துடித்ததால் சிறுநீரகத்துக்கு இரத்தம் நன்றாகச் சென்றது, அவ்வளவே.

நம் மூக்கிரட்டை எங்கே வேலை செய்கிறது? கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ராவும் உடன் பணியாற்றியவர்களும் இதை ஆராய்ந்து 1923-இல் கட்டுரை வெளியிட்டனர். வைத்தியர் சொல்லை அப்படியே ஏற்காமலும் ஏளனம் செய்யாமலும், செடியைப் பகுத்து, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அந்த முறை இன்றும் பாராட்டத்தக்கது. சிறுநீர் பெருகியது உண்மை. செடியில் பொட்டாசியம் நைட்ரேட்டு, அதாவது வெடியுப்பு, நிறைய இருப்பதும் தெரிந்தது. செஞ்சிக் கோட்டைப் பீரங்கிகளுக்கான வெடிமருந்தில் சேர்ந்த அதே உப்புதான்! இந்த உப்பை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1919-இல், வியன்னா மருத்துவமனை ஒன்றில் ஒரு தற்செயல் நிகழ்ந்தது. மேகநோய் கண்ட பெண்ணொருத்திக்குப் பாதரசம் கலந்த ஊசி போடப்பட்டது. தாதியர் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்த மருத்துவ மாணவர் ஆல்ஃபிரட் வோகல், ஊசி போட்ட நாள்களில் எல்லாம் சிறுநீர் அளவு ஏறியிருப்பதைக் கவனித்தார். பிறகு சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு இதய நோயாளிகளின் வீக்கத்தை வடிக்கப் பாதரச ஊசியே முக்கிய மருந்தாயிற்று. நஞ்சுதான், ஆனால் வேறு வழி குறைவு.

இம்மருந்துகள் உண்மையில் என்ன செய்கின்றன? உங்கள் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. வெளியே போவதோ ஒன்றரை லிட்டர் அளவே. மற்றதெல்லாம் நுண்குழல்கள் வழியே இரத்தத்துக்குத் திரும்புகிறது. குழலின் சுவர் முதலில் உப்பை இழுக்கிறது. உப்பின் பின்னால் நீர் போகிறது. உப்பு திரும்புவதைத் தடுத்தால் நீரும் திரும்பாது. ஆக, நீர்பெருக்கி என்கிறோமே, பெரும்பாலானவை உப்பிறக்கிகள்தாம்.

1949-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஷ்வார்ட்ஸ், கிருமிகளைக் கொல்லும் சல்ஃபா மருந்தை இதய நோயாளிகளுக்குக் கொடுத்து வீக்கம் வடிவதைக் கண்டார். ஆனால் நெடுநாள் கொடுக்க முடியாதபடி அது உடலைக் கெடுத்தது. அதன் வழித்தோன்றல்களைத் தேடிய மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் 1957-இல் குளோரோதையசைடை அறிவித்தார்கள். ஊசி வேண்டாம், மாத்திரையே போதும். இரத்த அழுத்தத்தையும் அது குறைத்தது. இது குழலின் கடைப்பகுதிக்கு அருகே, கொஞ்சம் உப்பே திரும்பும் இடத்தில் வேலை செய்வதால் மிதமானது. 1960-களில் வந்த ஃபுரோசமைடோ ஹென்லி வளைவைத் தாக்கும். வடிந்த உப்பில் சுமார் கால் பங்கு திரும்பும் இடம் அது. மூச்சுத் திணறி வருபவரின் நரம்பில் இதைச் செலுத்தினால் சிறிது நேரத்திலேயே நீர் பிரியத் தொடங்குவது அதனால்தான்.

ஆனால் உப்போடு பொட்டாசியமும் போய்விடும். பொட்டாசியம் குறைந்தால் தசை தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். டிஜிடாலிஸ் மருந்தும் உட்கொள்பவருக்கு அந்த மருந்தே நஞ்சாக மாறக்கூடும். பொட்டாசியத்தை வெளியே விடாத ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளுக்கு மதிப்பு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூக்கிரட்டையின் கதை நேர் எதிர். அது பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவரும் செடி. சிறுநீரகம் நலமாக இருப்பவர் மிகுதியை வெளியேற்றிவிடுவார். சிறுநீரகம் செயலிழந்தவருக்கோ, ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவருக்கோ அது இரத்தத்திலேயே தங்கி இதயத்தை நிறுத்திவிடவும் கூடும். வீக்கத்தோடு வரும் நோயாளி இவ்விருவரில் ஒருவரா என்பதை விரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது. இரத்தத்தைப் பரிசோதித்தால்தான் தெரியும்.