அகத்தியர் மலையில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர்

1980-இல் திருவனந்தபுரம் தைக்காட்டில் குழந்தைகள் அருங்காட்சியகம் உருவான கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தது. ஆனால் அதன் வேர் 1980-இல் இல்லை. ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானியிடம் இருக்கிறது. 1852-இல் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தவர் இவர். நகரத்து ஆய்வகம் மட்டும் அவருக்குப் போதவில்லை. நெய்யாறு பிறக்கும் அகத்தியர் மலையிலேயே, ஆறாயிரம் அடிக்கும் மேலே, 1855-இல் இன்னொரு ஆய்வகம் கட்டினார். மழையும் மூடுபனியும் யானைக்காடும் சூழ்ந்த உச்சி அது. மெல்லிய இழையில் தொங்கும் காந்தம் இம்மியளவு அசைவதைத் தொலைநோக்கிக் குழல் வழியே பார்த்து, மணி தவறாமல் குறிக்க வேண்டும்; அதே வேளையில் கீழே நகரத்திலும் குறிக்க வேண்டும். பூமியின் காந்தப்புலம் உலகெங்கும் ஒருசேர மாறுகிறது என்று அவர் காட்டியதில் இப்படிச் சேர்த்த எண்களுக்கும் பங்குண்டு. திருவிதாங்கூருக்கு வந்த ஐரோப்பியர்களில் இவரளவுக்கு நம் மண்ணை உற்றுப் பார்த்தவர் எவருமில்லை என்பேன்.

அந்தப் புரூன்தான் 1857-இல் திறந்த திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர். திருவிதாங்கூரின் உத்திரம் திருநாள் மகாராஜாவும் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கல்லனும் துணை நின்றார்கள். இத்தனை இருந்தும் கூட்டம் வரவில்லை. 1859-இல் பக்கத்திலேயே மிருகக்காட்சிசாலையும் பூங்காவும் அமைத்த பிறகே ஜனங்கள் திரண்டார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் சில ஆண்டுகள் முன்பே இதே வழியைக் கண்டிருந்தார். என் வாதம் இதுதான்: நம் ஊரில் குழந்தைகளுக்கான அருங்காட்சியகம் தொடங்கியது 1859-இல், அந்தப் பெயர் இல்லாமலே.

புரூன் குழந்தைகளை மனத்தில் வைத்தா செய்தார் என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் பெரும்பாலோருக்கு எழுத்தறிவில்லாத காலத்தில், விளக்கச்சீட்டு படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்றிருந்த இடம், பார்க்கத் தெரிந்த எல்லோருக்கும் என்று மாறியது. குழந்தை உள்ளே வர அந்த மாற்றம் போதும். மிருகக்காட்சிசாலை வெறும் பொழுதுபோக்குதானே என்பவர்களுக்கு 1899-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் திறந்த உலகின் முதல் குழந்தைகள் அருங்காட்சியகமே பதில். அதுவும் இயற்கைப் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்க்க விட்டுத்தான் பிள்ளைகளை ஈர்த்தது. இன்பமும் அறிவும் எதிரிகள் என்று நினைத்தவர்கள் அருங்காட்சியகங்களைத் தூசி படிய விட்டவர்கள்தான்.

திருவனந்தபுரம் அருங்காட்சியகத்துக்காக 1880-இல் சிஷோம் வடிவமைத்து முடித்த அழகிய கட்டடத்துக்குச் சென்னை ஆளுநராக இருந்த நேப்பியரின் பெயர் போனது. முதல் இயக்குநரான புரூனின் பெயர் அங்கே இல்லை; இது அநியாயம். அவர் 1865-இல் ஐரோப்பா திரும்பினார்; 1874-இல்தான் அவரால் தன் அளவீடுகளை நூலாக்க முடிந்தது.

அடுத்த வாரம், காயங்குளத்துக்காரரான கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-இல் டெல்லியில் திறந்த பொம்மை அருங்காட்சியகத்தில் தொடங்கி, தைக்காட்டின் பொம்மைகளுக்கு வருவோம்.