கடல் கடந்த ஊசி

2021-ஆம் ஆண்டு மே மாதம். தமிழகமெங்கும் முழு ஊரடங்கு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிச் சத்தம் அடங்கிவிட்டது. கோடை விழாவுக்கு மக்கள் திரளவேண்டிய மாதத்தில் ஏரிப் படகுகள் கரையோடு கட்டிக் கிடந்தன. அப்படிப்பட்ட ஒரு காலை வேளையில், எண்பது வயதை நெருங்கிய மூதாட்டி ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு பங்கு இல்லத்தின் படியேறி வந்தார். பிறப்பால் ஐரோப்பியர், இம்மலையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக வாழ்ந்து ஓய்வு பெற்றவர். மலையாளி இனத்துச் சிற்றூர்களில் அவர் ஊசி போடாத குழந்தை இல்லை என்பார்கள். அதனாலேயே அவருக்கு ‘ஊசிப் பாட்டி’ என்று பெயர்.

“சாமி, நாப்பது வருஷமா எல்லாருக்கும் நான் குத்தினேன். இப்ப எனக்குக் குத்த ஆளில்லே” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் அவர் குடைப்பிடியை இறுகப் பற்றியிருந்த விதத்தில் சிரிப்பு இல்லை.

நடந்தது இதுதான். தடுப்பூசி முகாம் ஒன்றுக்குச் சென்றிருக்கிறார். ஆதார் அட்டை கேட்டார்கள்; அவரிடம் இல்லை. கடவுச்சீட்டை நீட்டினார். கணினியின் முன் அமர்ந்திருந்த இளைஞர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுங்க பாட்டி, மேலே கேட்டுச் சொல்றோம்” என்றார். மேலேயிருந்து பதில் வரவில்லை. அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்று அவர் முன்னால் நின்ற வரிசை வாயிலைத் தாண்டித் தெருவரை நீண்டிருந்தது. மருந்தோ ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கும் அளவு. சட்டப்படி பார்த்தால், ஓராண்டில் 182 நாட்கள் இங்கு வாழ்ந்த அயல்நாட்டவரும் ஆதார் பெறலாம். அதைப் பாட்டியும் அறியார், அன்றைக்கு நானும் அறியேன்.

தன் நாட்டுக்குத் திரும்பினால் மறுநாளே ஊசி கிடைக்கும் என்று உறவினர் தொலைபேசியில் அழைத்தார்களாம். “அங்கே எனக்கு யார் இருக்கா சாமி? கல்லறைக்கு இடம்கூட இங்கேதான் பாத்து வச்சிருக்கேன்” என்றார். அவர் போன பிறகு நெடுநேரம் என் மனம் பழங்கதைகளிலேயே உழன்றது. பிற நாட்டில் குடியிருப்போர் ஊசி தேடி அலைந்த கதை நம் மண்ணுக்குப் புதியதன்று.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊசியே நம் நாட்டுக்கு அந்நியனாக வந்ததுதான். 1796-இல் எட்வர்டு ஜென்னர் என்ற ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்னும் சிறுவனுக்கு மாட்டு அம்மைப்பாலைக் குத்திப் பெரியம்மையைத் தடுக்கும் வழி கண்டார். அந்தப் பாலைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். மாதக்கணக்கான பயணத்தில், வெயிலில் அது வீரியம் இழந்தது. பிறகு வியன்னாவிலிருந்த மருத்துவர் ழான் தெ காரோ தரைவழியைத் தேர்ந்தார். கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பாஸ்ரா என்று அது ஊர் ஊராகக் கடந்தது. பாஸ்ராவிலிருந்து கப்பலேறிய பயணத்தில் அதைச் சுமந்தவை குப்பிகள் அல்ல, மனித உடல்கள். ஒருவர் கையில் குத்தி, எட்டாம் நாள் எழும் கொப்புளத்து நீரை எடுத்து அடுத்தவர் கையில் குத்துவது. இப்படிக் கைக்குக் கை மாறிப் பம்பாய் வந்து சேர்ந்தது. 1802 ஜூன் 14 அன்று அங்கே அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுப் பெண்குழந்தைக்கு அது பலித்தது. ஐரோப்பியர் வீடு ஒன்றில் பணிசெய்தவரின் மகள். இந்தியாவெங்கும் பின்னர் பரவிய அம்மைப்பால் அக்குழந்தையின் கையிலிருந்து கிளைத்ததே. அதே ஆண்டில் மதராசையும் எட்டியது. அந்தக் குழந்தையிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம் மறைமாவட்ட மக்களுக்கு நெருக்கமான பெயர் ஒன்றும் இக்கதையில் உண்டு. அவர் ஆபே துபுவா. பிரெஞ்சுப் புரட்சியின் காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறிப் புதுச்சேரி வந்த பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபையின் குரு. திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று சிதறிக்கிடந்த கிறிஸ்தவர்களைத் திரட்டினார். 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருவாகும்வரை நம் பகுதியின் பெரும்பாகத்துக்கும் தாயாக இருந்த புதுச்சேரி மறைபரப்புத் தளத்தைச் சேர்ந்தவர் என்ற முறையில் அவர் நம்மவரும்கூட. இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றி அவர் எழுதிய நூலையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்நூலின் சில பக்கங்களைப் படிக்கையில் எனக்கு முகம் சுளிக்கும். தான் உண்ட வீட்டைப் பற்றி இவ்வளவு கடுமையாக எழுதலாமா என்று தோன்றும். ஆனால் அதே மனிதர் 1803, 1804 ஆகிய ஆண்டுகளில் மைசூர் நாட்டில் ஊர் ஊராகச் சென்று அம்மை குத்தும் பணியை நடத்தினார். 25,000-க்கும் மேற்பட்டோர் அதனால் பயனடைந்தனர் என்பது அக்காலக் கணக்கு. தாடியும் தலைப்பாகையும் அங்கியுமாக நாட்டவர் உடையில் அவர் வந்ததால்தானோ என்னவோ, மக்கள் கையை நீட்டினார்கள். பிரான்சில் இருந்திருந்தால் உயிர் தப்பியிருப்பாரோ தெரியாது. இங்கே ஓர் அகதி, அடைக்கலம் தந்த ஊருக்கு அம்மைப்பால் கொடுத்தார்.

மலைவாழ் ஐரோப்பியரின் கதைக்கு வருகிறேன். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியை ஊன்றினார். அதன்பின் தோட்டத்துரைமார் குடியேறினர். கன்னியர் மடமும் பள்ளிகளும் எழுந்தன. கொள்ளைநோயைவிட அவர்களை அஞ்சவைத்தது வேறொன்று. வெறிநாய்க்கடி. 1885 ஜூலையில் லூயி பாஸ்டர் பாரிஸில் ழோசப் மைஸ்டர் என்னும் சிறுவனை அந்நோயின் வாயிலிருந்து மீட்டார். அதன்பின் இந்தியாவில் நாய்க்கடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களையும் அதிகாரிகளையும் பாரிஸுக்குக் கப்பலேற்றி அனுப்பும் வழக்கம் வந்தது. எண்ணிப் பாருங்கள்: கடிபட்ட இடத்திலிருந்து பம்பாய்க்கு ரயில், அங்கிருந்து இரண்டு மூன்று வாரக் கடற்பயணம். நஞ்சு நரம்பின் வழியாக மூளையை நோக்கி ஏறிக்கொண்டே இருக்கிறது. கப்பலும் போய்க்கொண்டே இருக்கிறது. எது முந்தும் என்பதே கேள்வி. அதே நாய் கடித்த தோட்டக் கூலியைக் கப்பலேற்றுவார் யாருமில்லை. அவனுக்கு மந்திரமும் பச்சிலையும்தான்.

1900-இல் இமயமலைச் சாரலில் கசௌலியில் பாஸ்டர் நிலையம் ஒன்று தொடங்கியது. தெற்கிலிருந்து அதுவும் எட்டாத தூரமே. 1902-இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அச்சாவு தென்னிந்தியாவை உலுக்கியது. மக்கள் பணம் திரட்டினர். அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் அளித்திருந்த கொடையின் ஒரு பகுதியும் வந்து சேர்ந்தது. (ஜென்னரின் முதல் சிறுவனும் ஃபிப்ஸ், இந்தக் கொடையாளியும் ஃபிப்ஸ், வெறும் பெயர் ஒற்றுமைதான், ஆயினும் வியப்பாயிருக்கிறது.) 1907 ஏப்ரலில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் சாவால் எழுந்த அக்கட்டடத்தின் வாசலில் பிறகு வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் நம் ஊர் ஏழைகள்.

அந்நியர் நம்மிடம் வந்த கதையை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. நாமும் அந்நியராய்ப் போனோம். சேலம், திருச்சி, மதுரை, தஞ்சைப் பகுதிகளிலிருந்து பஞ்சம் விரட்டிய மக்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பெயர்ந்தனர். பாம்பன் பாலம் 1914-இல் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் அவர்கள் வழி மண்டபம் முகாமாயிற்று. அம்முகாம் இருந்தது நம் மண்ணில், நடத்தியதோ இலங்கை அரசு. கூலிகளைச் சில நாட்கள் அங்கே தங்கவைத்துக் காலரா, பிளேக் அறிகுறி உண்டா எனப் பார்த்து, உடைகளை ஆவியில் வேகவைத்து, அம்மை குத்திய பிறகே கப்பலேற்றினார்கள். கங்காணியின் துண்டுச் சீட்டைப் போலவே கையிலிருந்த அம்மைத் தழும்பும் அவர்களுக்குக் கடவுச்சீட்டு. துரைக்கு ஊசி உயிர் காக்கும் மருந்து. கூலிக்கு அது தோட்டத்தின் கதவைத் திறக்கும் சாவி. குத்தப்பட்டது இருவருக்கும் ஒரே மருந்துதான். இலங்கையில் நிகழ்ந்த 1983-ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின், அதே மண்டபத்தில் அகதிகளாக வந்து இறங்கியவர்கள் தமிழர்களே.

இனி 2021-க்குத் திரும்புவோம். உலகமெங்கும் அயல்நாட்டில் குடியிருந்தோர் அந்த ஆண்டில் இருதலைக் கொள்ளி எறும்பாயினர். பிறந்த நாடு தொலைவில். வாழும் நாட்டில் வரிசை தன் குடிமக்களுக்கே நீளம். சீன அரசு மார்ச் மாதத்தில் அயல்நாடுகளில் வாழும் தன் மக்களுக்காக ‘வசந்த முளை’ என்ற பெயரில் திட்டம் அறிவித்தது. பிரான்சு தாய்லாந்து போன்ற நாடுகளில் வாழும் தன் மக்களுக்கு மருந்தை அனுப்பியது. அமெரிக்கா அவ்வாறு அனுப்ப மறுத்தது. செர்பியா அதே மார்ச்சில் எல்லையைத் திறந்து வைத்தது. பொஸ்னியா, வட மாசிடோனியா நாட்டினர் ஆயிரக்கணக்கில் பெல்கிரேடுக்கு வந்து குத்திக்கொண்டு சென்றனர். காலாவதி நெருங்கிய மருந்தைத்தான் கொடுத்தார்கள் என்று ஏளனம் செய்தவரும் உண்டு. அது உண்மையாகவே இருந்தாலும், கெட்டுப்போகுமுன் அண்டை வீட்டுக்குக் கொடுத்த சோறு சோறுதானே?

நம் பங்கு மக்களின் துயரம் வேறு வகை. வளைகுடாவில் வேலை பார்த்து விடுப்பில் வந்தவர்கள் இங்கே சிக்கிக்கொண்டனர். கோவிஷீல்டு முதல் ஊசிக்கும் இரண்டாம் ஊசிக்கும் இடைவெளி மே மாதத்தில் 12 முதல் 16 வாரம் என நீட்டப்பட்டது. விசாவோ அதுவரை காத்திராது. ஜூன் 7 அன்று, வேலைக்கும் படிப்புக்கும் டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்கும் செல்வோர் 28 நாட்களில் இரண்டாம் ஊசி பெறலாம், சான்றிதழில் கடவுச்சீட்டு எண்ணையும் சேர்க்கலாம் என நடுவண் அரசு வழிவகுத்த பிறகே பலருக்கு மூச்சு வந்தது. கோவாக்சின் குத்திக்கொண்டவர் பாடு இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றது நவம்பர் 3-ஆம் நாள்தான். கேரளத்தில் ஒருவர், இரண்டு கோவாக்சினுக்குப் பின், சவுதி அரேபியா ஏற்கும் வேறு ஊசியைத் தமக்குப் போட ஆணையிடுமாறு உயர் நீதிமன்றத்தை நாடினார். உடலைக் காக்க அல்ல, வேலையைக் காக்க மூன்றாம் ஊசி! மண்டபம் முகாமின் நிழல் நூறாண்டு கடந்தும் நீண்டிருக்கிறது.

குருமடத்தில் எபிரேயம் கற்பித்த பேராசிரியர் ஒருவர் இரண்டு சொற்களை வேறுபடுத்திக் காட்டுவார். ‘நோக்ரி’ என்றால் வந்துபோகும் வேற்றூரான். ‘கேர்’ என்றால் நம் நடுவே தங்கி வாழும் அந்நியன்; மோசேயின் சட்டம் அவனை விதவையோடும் அனாதையோடும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த வேறுபாடு அது. முப்பதாண்டு கழித்து ஒரு குடையின் பிடியைப் பார்த்தபோதுதான் பொருள் விளங்கிற்று.

பாட்டிக்காக நானும் சில கதவுகளைத் தட்டினேன். வேறு சில ஊர்களில் அயல்நாட்டுக் கடவுச்சீட்டை ஏற்றார்கள் என்றும் கேள்விப்பட்டோம். ஆனால் எண்பது வயதில், ஊரடங்கில், இ-பாஸ் வாங்கி மலையிறங்கி யாரிடம் போய்க் கேட்பது? ஜூன் போயிற்று, ஜூலையும் போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலி முடிந்ததும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாயிருந்தது. ஆகஸ்டு 9 அன்று, இந்தியாவில் வாழும் அயல்நாட்டவர் தம் கடவுச்சீட்டைக் கொண்டே கோவின் தளத்தில் பதிந்து ஊசி பெறலாம் என்று சுகாதார அமைச்சகம் அறிவித்தது. செய்தியைத் தொலைபேசியில் சொன்னேன். “முகக்கவசத்தைத் துவைச்சுப் போட்டிருக்கேன் சாமி, காயட்டும்” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரத்தில் முகாமுக்கு அவரோடு நானும் சென்றேன். ஊசி போட வந்த செவிலிப் பெண் மலையாளி இனத்தவள், முப்பது வயதிருக்கும். பாட்டியின் முகத்தைக் கண்டதும் எழுந்து நின்றாள். தன் இடது தோளில் இருந்த பழைய பி.சி.ஜி. தழும்பைத் தொட்டுக் காட்டி, “இது நீங்க போட்டது பாட்டி, அன்னைக்கு உங்களைக் கடிச்சு வச்சேனாம், அம்மா இன்னும் சொல்வாங்க” என்றாள். பாட்டி சட்டைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு, ஊசி பிடிக்கும் கோணம் சரியா என்று கண்ணாடியைத் தாழ்த்திப் பார்த்தார்.

இரண்டாம் ஊசிக்கு 84 நாள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அது நவம்பர் மழையில் வந்தது. அன்று வண்டி கிடைக்கவில்லை. அதே குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போய் வந்தார்.