ஈரச்சாக்கும் எரிபொருள் தடையும்

1996 யூலை மாத இறுதி. 'சத்ஜய' படைநடவடிக்கை தொடங்கி, கிளிநொச்சி நகரமும் அதனை அண்டிய கிராமங்களும் இடம்பெயர்ந்துகொண்டிருந்த நாட்கள். அக்கராயனை நோக்கிச் சென்ற பழைய டீசல் லொறி ஒன்றில், மூட்டை முடிச்சுகளுக்கும் கோழிக்கூடுகளுக்கும் நடுவே நானும் அமர்ந்திருந்தேன். வழியில் முதியவர் ஒருவரை ஏற்றுவதற்காக லொறி நின்றது. நின்ற இடத்தில் இயந்திரமும் நின்றுவிட்டது. சாரதி மீண்டும் மீண்டும் சாவியைத் திருப்பினார். இயந்திரம் சுழன்றதே தவிர, பற்றவில்லை. பின்னால் எறிகணைகளின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

சாரதி பதறவில்லை. கலனில் இருந்த தண்ணீரில் சாக்கு ஒன்றை நனைத்து, எரிபொருள் பம்பின் மேல் போர்த்தினார். "பொறு தம்பி, இவர் குளிச்சால்தான் வெளிக்கிடுவார்" என்றார். சிறிது நேரத்தில் லொறி உறுமிக்கொண்டு எழுந்தது.

அன்று அதனை ஓர் அனுபவசாலியின் கைப்பக்குவம் என்றே எண்ணினேன். அந்த ஈரச்சாக்கின் பின்னால் ஒரு பொருளாதாரத் தடையின் வரலாறு இருந்தது என்பதைப் பின்னரே விளங்கிக்கொண்டேன்.

1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் வெடித்தபின், விடுதலைப்புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்கு எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம் உள்ளிட்ட பல பொருள்களை அனுப்புவதற்கு அரசு தடை விதித்தது. பெற்றோலும் டீசலும் சாதாரண மக்களுக்கு எட்டாக்கனிகளாயின. மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்த மண்ணெண்ணெயே விளக்கையும் எரித்தது, வாகனத்தையும் ஓட்டியது.

பெற்றோல் வாகனங்களின் கதை பலரும் அறிந்ததே. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த இயந்திரத்தில் அது பற்றாது. சிறு போத்தலில் கொண்டுசெல்லும் சில துளி பெற்றோலைக் காபிரேற்றருக்குள் செலுத்தி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். காலையில் அடம்பிடிக்கும் வாகனம், ஓடிச் சூடானபின் சொன்னபடி கேட்கும்.

டீசல் வாகனங்களில் நோய் நேர்மாறானது. டீசல் இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எரியும். எரிவதில் பெரும் சிக்கல் இல்லை. சிக்கல் பம்பிலே தோன்றியது. எரிபொருளை மிகுந்த அழுத்தத்துடன் இயந்திரத்துக்குள் பீச்சும் பம்பின் உட்பாகங்களுக்கு இடையிலான இடைவெளி, தலைமயிரின் தடிப்பைவிடப் பலமடங்கு சிறியது. அங்கே தேய்மானத்தைத் தடுக்கும் உயவு எண்ணெயாகப் பணிபுரிவதும் அதே டீசல்தான். வன்னியின் வயல்களெங்கும் உழுத மசி பெர்குசன் உழவு இயந்திரங்கள் பலவற்றில் இருந்த 'சீ.ஏ.வீ.' சுழல் பம்பு முற்றுமுழுதாக எரிபொருளாலேயே உயவூட்டப்படுவது. டீசலிலும் மெல்லிய மண்ணெண்ணெய் அந்தப் பணியைச் சரிவரச் செய்யாது. மாதக்கணக்கில் அதனை ஊற்றி ஓட்டியபோது பம்பு உள்ளே தேய்ந்தது.

தேய்ந்த பம்பு காலையில் தன் குறையை மறைத்துக்கொள்ளும். குளிர்ந்த எரிபொருள் சற்றுத் தடிப்பானது. தேய்ந்த இடைவெளியினூடாக எளிதில் கசியாது. சூடேறினால் எரிபொருள் நீர்த்துவிடும். ஓடும் வேகத்தில் கசிவதற்கு அவகாசமில்லை என்பதால் வாகனம் பாரத்தை இழுத்துச் செல்லும். நிறுத்திவிட்டு மீண்டும் இயக்கும்போதோ, ஸ்ராட்டரின் மந்தமான சுழற்சியில் எரிபொருள் உள்ளேயே கசிந்துவிடும், அழுத்தம் எழாது.

வன்னியின் மெக்கானிக்குகளிடம் இதனைக் கண்டறியக் கருவிகள் இருக்கவில்லை. ஆனால் ஒழுங்குமுறை இருந்தது. முதலில் இயந்திரம் போதிய வேகத்தில் சுழல்கிறதா என்று பார்ப்பார்கள். சுழற்சி மந்தமானால் பற்றரியையோ ஸ்ராட்டரையோ சந்தேகிக்க வேண்டும். நன்றாகச் சுழன்றால், புகைக்குழாயைக் கவனிப்பார்கள். வெண்புகை வந்தால் எரிபொருள் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று பொருள். புகையே இல்லையெனில் எரிபொருள் போகவில்லை. குழாய்களில் காற்றுப் புகுந்துள்ளதா, வடிகட்டி அடைத்துள்ளதா என்று சோதிப்பார்கள். எல்லாம் சரியென்றால் இறுதிச் சோதனை ஈரச்சாக்கு. பம்பு குளிர்ந்ததும் இயந்திரம் இயங்கினால், குற்றவாளி பம்புதான்.

நோயைக் கண்டறிவது எளிது, மருந்துதான் இல்லை. புதிய பம்பின் பாகங்கள் வவுனியாச் சோதனைச்சாவடியைத் தாண்டி வருவது அரிது. ஆகவே சாரதிகள் மண்ணெண்ணெயுடன் தேங்காய் எண்ணெயையோ வேறு தாவர எண்ணெயையோ கலந்தார்கள். நிறுத்த நேர்ந்தால், உருட்டி இயக்குவதற்கு வாய்ப்பாகக் குளக்கட்டின் சரிவைத் தேடினார்கள். நோயாளியை ஏற்றிச் செல்லும்போது இடையில் இயந்திரத்தை நிறுத்தவே அஞ்சினார்கள். அருமையான எரிபொருள் வீணே எரிந்துகொண்டிருக்கும். ஆயினும் நிறுத்தினால் உயிர் தங்குமோ என்ற கவலை அதனிலும் பெரிது.

இதே காலத்தில் உலகின் மறுகோடியிலும் டீசல் பம்புகள் தேய்ந்தன என்பது வியப்பான செய்தி. காற்று மாசடைவதைக் குறைக்கவென சுவீடன் 1990களின் தொடக்கத்தில் கந்தகம் மிகக் குறைந்த டீசலை அறிமுகம் செய்தது. சுத்திகரிப்பில் அதன் உயவுத்தன்மையும் குறைந்து பம்புகள் பழுதடைந்தன. அங்கே பொறியியலாளர்கள் ஆராய்ந்து, டீசலுடன் உயவுச் சேர்மானத்தைக் கலந்து தீர்வு கண்டார்கள். வன்னியில் அதே தீர்வைத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலுடன் நின்ற சாரதி கண்டார். அங்கே காரணம் சுத்தமான காற்று. இங்கே காரணம் தடை.

2002 சனவரியில் தடை பெருமளவு தளர்த்தப்பட்டு, ஏ-9 வீதியும் திறக்கப்பட்டபின் வன்னிக்கு டீசல் வந்தது. ஆனால் தேய்ந்த பம்புகள் உடனே குணமடைந்துவிடவில்லை. நல்ல டீசல் ஊற்றியபின்னரும் நண்பகல் வெயிலில் அவை அடம்பிடித்தன. தடை நீங்கிய செய்தியை நாங்கள் பத்திரிகையில் ஒரே நாளில் எழுதி முடித்துவிட்டோம். இரும்புக்கு அந்தச் செய்தி எட்ட நாளாயிற்று.

2022இல் நாடு முழுவதும் எரிபொருள் வரிசைகளில் நின்றபோது, அந்த லொறிச் சாரதியைத்தான் நினைத்துக்கொண்டேன். அவருடைய பெயரை நான் அன்று கேட்கவில்லை. செய்தியாளனாக நான் விட்ட பெரும்பிழைகளுள் அதுவும் ஒன்று.