பள்ளி மாணவர் ஆய்வும் வழிகாட்டியும், 1963–2022: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பார்வை

விருதுநகர் மாவட்டம் என்றதும் கல்வித்துறையினருக்கு நினைவுக்கு வருவது பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதம். 1985இல் உருவான இம்மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தைப் பிடித்திருக்கிறது. அதே மாவட்டத்தை 2018இல் ஒன்றிய அரசு, வளர்ச்சியில் பின்தங்கி முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. மதிப்பெண்ணுக்கு வழிகாட்டுவோர் நிறைந்த இந்த வட்டாரத்தில், ஏழை வீட்டுப் பிள்ளையின் ஆய்வுக்கு வழிகாட்டியவர் யார்? புத்தகத்துக்கோ கல்லூரிக்கோ இங்கே பஞ்சமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரின் பென்னிங்டன் நூலகம் 1875இல் தொடங்கியது. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி 1984இல் வந்தது.

பள்ளி மாணவரிடம் ஆய்வை எதிர்பார்த்த நாடளாவிய முயற்சி, 1963இல் என்.சி.இ.ஆர்.டி. தொடங்கிய தேசிய அறிவியல் திறனறித் தேடல். மறு ஆண்டே எல்லா மாநிலங்களுக்கும் விரிந்த அத்திட்டத்தில் தேர்வோடு ஆய்வறிக்கை ஒன்றும் கேட்கப்பட்டது. ஆனால் அறிக்கை எழுதச் சொல்லித்தர ஆள் வேண்டுமே! படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அது வீட்டிலேயே கிடைத்தது. 1976இல் திட்டம் மாற்றியமைக்கப்பட்டபோது அறிக்கை நீங்கி, கொள்குறி வினாத்தாள்களும் நேர்காணலும் நின்றன. அத்தோடு ஆய்வு போட்டித்தேர்வாகிவிட்டது.

திருப்பம் கல்வித்துறைக்கு வெளியிலிருந்து வந்தது. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் ‘துளிர்’ மாத இதழைத் தொடங்கியது. 1993 முதல் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு நடந்துவருகிறது. தமிழ்நாட்டில் அதை ஒருங்கிணைப்பது இவ்வியக்கம். 10 முதல் 17 வயதுக்குட்பட்டோர் குழுவாகச் சேர்ந்து, உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, தாய்மொழியிலேயே அறிக்கை தரலாம். பள்ளிக்குச் செல்லாத குழந்தைகளுக்கும் இடமுண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பின் பளியர் பழங்குடிக் குழந்தையோ, தறி ஓட்டப் போன சிறுவனோ விதிப்படி விலக்கப்படவில்லை. என் பார்வையில், 1963இன் திட்டத்தைவிட இதுவே பெரிய மாற்றம்.

வழிகாட்டியின் வேலை என்னவென்பதை உள்ளூர்ச் சூழலிலேயே கற்பனை செய்து பார்க்கலாம். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறி ஊர். “சார், எங்க தாத்தாவுக்குக் காது மந்தம். தறிச் சத்தந்தான் காரணம்” என்கிறாள் எட்டாம் வகுப்புச் சிறுமி. “தறியாலயா, வயசாலயாம்மா? எப்படிக் கண்டுபிடிப்ப?” என்கிறார் ஆசிரியர். ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது. அமைதியான அறையில் முள் கடிகாரத்தைக் காதருகே பிடித்து, டிக்டிக் ஒலி கேட்காமல் போகும்வரை விலக்கி, தூரத்தை அளவுகோலால் அளக்கலாம். தறி ஓட்டுவோரையும், அதே வயதில் தறிப்பக்கமே போகாதவர்களையும் ஒப்பிட வேண்டும். எல்லாரையும் ஒரே கடிகாரத்தால் சோதிக்க வேண்டும். நாள், நேரம், தூரம் எல்லாம் குறிப்பேட்டில் ஏற வேண்டும். செலவு அதிகமில்லை. ஆனால் வாரக்கணக்கில் உடனிருந்து, பிழையான அளவை மறுபடி எடுக்கச் சொல்லும் ஒருவர் வேண்டும். தேர்ச்சி விகிதத்துக்குக் கணக்குச் சொல்லவேண்டிய ஆசிரியருக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்?

பின்வந்த திட்டங்கள் பணத்தையும் கருவியையும் கொண்டுவந்தன. ஒன்றிய அரசின் இன்ஸ்பயர்-மானக் திட்டம் தேர்ந்தெடுத்த மாணவருக்கு 10,000 ரூபாய் தருகிறது. 2016இல் தொடங்கிய அடல் ஆய்வகத் திட்டம் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கியது. அத்தகைய ஆய்வகத்தின் முப்பரிமாண அச்சு இயந்திரம் பார்வையாளரைக் கவரும். கடிகாரமும் அளவுகோலும் கவராது. புதுமைப் பொருளுக்குக் கிடைக்கும் மதிப்பு, நிதானமாகச் சேகரித்த தரவுக்குக் கிடைப்பதில்லை.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய வானவில் மன்றம் 13,210 அரசுப் பள்ளிகளைத் தொட்டது. பரப்பில் இது பெரிய முயற்சி. கருத்தாளர்கள் பள்ளி பள்ளியாகச் சென்று எளிய சோதனைகளைச் செய்துகாட்டுகிறார்கள். ஆனால் பல பள்ளிகளைப் பார்க்க வேண்டியவரால் சத்திரப்பட்டிச் சிறுமியின் அளவுகளை மாதக்கணக்கில் பின்தொடர முடியாது. குழந்தைகள் மாநாட்டில் வழிகாட்டி ஆசிரியராகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் பொறியியல் படிக்கும் மாணவர்கள் ஒரு பேருந்துத் தூரத்தில் இருக்கிறார்கள்.