தமிழ் மொழியாராய்ச்சி மாநாடுகள்: ஒரு வரலாற்று நோக்கு

நூலொன்று இயற்றப்பட்டவுடன் அது நூலென மதிக்கப்படும் வழக்கம் பண்டைத் தமிழரிடத்து இருந்ததில்லை. அது கற்றோர் அவையில் ஏறுதல் வேண்டும், வினாவப்படுதல் வேண்டும், வினாவுக்கு விடையிறுத்து நிலைபெறுதல் வேண்டும். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் தந்த சிறப்புப் பாயிரம், அந்நூல் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையிலே அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிய செய்தியைக் கூறுகின்றது. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழ் நூல் ஓர் இலக்கணநூல் என்பதும், அவ்விலக்கணநூலும் அறிஞர் அவையொன்றின் ஆய்வுக்கு உட்பட்டது என்பதும் சிந்திக்கத்தக்கன. மொழியை ஆராய்வோர் ஒருங்கு கூடுதல் மேலைநாட்டாரிடமிருந்து நாம் கடன்கொண்ட வழக்கமன்று. எனினும் அக்கூட்டம் இக்காலத்திற் பெற்ற வடிவமும், அவ்வடிவத்தைப் பெறுவதற்குத் தமிழர் கொடுத்த விலையும் தனியே ஆராய்தற்குரியன.

ஐரோப்பியர் கீழ்த்திசை மொழிகளை ஆராயத் தலைப்பட்டபோது வடமொழியே அவர் கண்ணை முதலிற் கவர்ந்தது. தென்னாட்டு மொழிகள் வடமொழியினின்றும் பிறந்தவை அல்ல என்பதை 1816 ஆம் ஆண்டிற் சென்னையிலிருந்த எல்லிசு துரை எடுத்துக் காட்டினார். கால்டுவெல் ஐயர் 1856 இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் அக்கொள்கையை விரித்து நிறுவியது. ஆயினும் 1873 இற் பாரிசு நகரிலே தொடங்கிய கீழ்த்திசையியல் அறிஞர் பேரவையில் தமிழ் நெடுங்காலம் ஒரு மூலையிலேயே இருந்தது. இந்தியவியல் என்ற பெயரால் நடைபெற்ற அமர்வுகளில் வடமொழியே தலைமை பெற்றது. தமிழைப் பற்றிக் கட்டுரை படிப்போர் சிலர். அதனைக் கேட்டுத் திருத்தவல்லோர் அவரினும் சிலர்.

தமிழகத்தில் 1901 ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். ஏடுகளைத் தேடுதல், பதிப்பித்தல், தேர்வு நடத்துதல் ஆகிய பணிகளால் அச்சங்கம் புலவரை ஒன்றுசேர்த்தது. இக்காலப் பகுதியிலே திருகோணமலை ஈன்ற மக்கள் இருவர் தமிழகத்திற் புகழ் பெற்றிருந்தமை நம் நகரத்தார் நினைவிற் கொள்ளவேண்டியதொன்று. ஒருவர், பழந்தமிழ் நூற்பதிப்பிலும் ஆராய்ச்சியிலும் ஈடுபட்ட தி. த. கனகசுந்தரம்பிள்ளை. மற்றவர், அவர்தம் இளவல் தி. த. சரவணமுத்துப்பிள்ளை. 1895 இல் ‘மோகனாங்கி’ என்னும் வரலாற்று நாவலை வெளியிட்ட இவர், ‘தமிழ்ப் பாஷை’ என்னும் தலைப்பில் மொழியாராய்ச்சி பற்றியும் எழுதினார். துறைமுகப் பட்டினமொன்றிற் பிறந்தோர் மொழிகளின் உறவைப் பற்றிச் சிந்தித்தது வியப்பன்று.

இவர்களுக்குப் பின் வந்தவர் விபுலாநந்த அடிகள். திருகோணமலை இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண சங்கத்தின் சார்பில் நடத்தும் பொறுப்பை ஏற்றிருந்த அப்பெரியார், அறிவியலும் தமிழும் ஒருங்கு கற்றவர். 1936 ஆம் ஆண்டிற் சென்னையிலே கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுதி 1938 இல் வெளிவந்தது. இம்மாநாட்டை நாம் தனித்து நோக்குதல் வேண்டும். அங்கே கூடியவர் தமிழின் பெருமையைப் பேசுதற்குக் கூடியவர் அல்லர். ஒரு கருத்துக்கு எச்சொல் பொருந்தும், எச்சொல் பொருந்தாது என்று ஆராயக் கூடியவர். வேலை ஒன்றை முன்வைத்துக் கூடும் அவையே பயன் தரும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராக அடிகள் அமர்ந்தார். 1947 இல் அவர் மறைந்தபின் அப்பதவியை ஏற்ற பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, கல்வெட்டுத் தமிழின் இலக்கணத்தை ஆராய்ந்தவர். யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை நாடகத்தில் எடுத்தாண்டவர். எழுத்து வழக்கு மட்டுமன்றிப் பேச்சு வழக்கும் ஆராய்ச்சிக்குரிய பொருள் என்னும் கொள்கை இங்ஙனம் வேரூன்றலாயிற்று. இந்தியாவில் 1950 களிற் பூனா தக்காணக் கல்லூரியைச் சார்ந்து நடைபெற்ற கோடைக்கால மொழியியற் பள்ளிகள், புதிய மொழியியல் முறைகளைத் தென்னாட்டு ஆசிரியர்க்குப் பயிற்றுவித்தன. பரோ, எமனோ என்னும் இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961 இல் வெளிவந்தது. ஆராய்ச்சியும் ஆராய்வாரும் பெருகினர். அவர் ஒருங்கு கூடுதற்குரிய மன்றமே இல்லாதிருந்தது.

அக்குறையைத் தீர்த்தவர் ஈழத்தவரான தனிநாயகம் அடிகளார். 1913 இல் ஊர்காவற்றுறையைச் சார்ந்த கரம்பனிற் பிறந்த அவர், 1952 இலிருந்து ‘தமிழ்க் கலாசாரம்’ எனப் பொருள்படும் ஆங்கில முத்திங்கள் இதழை நடத்தித் தமிழாராய்ச்சியை உலகறியச் செய்தவர். 1964 சனவரியிற் புதுதில்லியிலே கீழ்த்திசையியல் அறிஞரின் 26 ஆம் பேரவை கூடியது. அங்கு வந்திருந்த தமிழறிஞரையும் திராவிட மொழியியலாரையும் அடிகளாரும் பேராசிரியர் வ. ஐ. சுப்பிரமணியமும் தனியே அழைத்துக் கூட்டினர். அக்கூட்டத்திற் பிறந்ததே உலகத் தமிழாராய்ச்சி மன்றம். பிரெஞ்சு அறிஞர் பிலியோசா தலைவரானார். தனிநாயகம் அடிகளாரும் செக் நாட்டறிஞர் கமில் சுவெலபிலும் செயலாளராயினர். மூலையில் இருந்த மொழி தனக்கெனக் கூடமொன்றை அமைத்துக்கொண்டது.

முதன் மாநாடு 1966 ஏப்பிரலிற் கோலாலம்பூரில் நடைபெற்றது. அடிகளார் அப்பொழுது மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியற் றுறைத் தலைவராக விளங்கினார். இரண்டாவது மாநாடு 1968 சனவரியிற் சென்னையிற் கூடியது. அங்கே ஆராய்ச்சியரங்கு ஒருபுறமாக, ஊர்வலமும் பொருட்காட்சியும் மறுபுறமாக அமைந்தன. கடற்கரையிலே புலவர்க்கும் தலைவர்க்கும் சிலைகள் எழுந்தன. அவற்றுள் வீரமாமுனிவர், கால்டுவெல், போப்பு ஆகிய பிறநாட்டு மொழியறிஞர் சிலைகளும் இடம்பெற்றன. மக்கள் பெருந்திரளாகக் கூடித் தம் மொழியாராய்ச்சியைத் தாமே கொண்டாடினர் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயின் அன்று தொட்டு, மாநாடு என்பது அறிஞர்க்குரிய அவையா, மக்களுக்குரிய விழாவா என்னும் வினாவும் உடன் பிறந்தது. 1970 இற் பாரிசிற் கூடிய மூன்றாவது மாநாட்டிலே அவ்வினா எழவில்லை. அங்கு அவை மட்டுமே இருந்தது.

நான்காவது மாநாடு ஈழத்துக்கு வந்தது. அதனைத் தலைநகராகிய கொழும்பில் நடத்துதல் வேண்டுமென அரசாங்கம் விரும்பியது. யாழ்ப்பாணத்தில் நடத்துதல் வேண்டுமென ஏற்பாட்டாளரிற் பெரும்பாலோர் விரும்பினர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையிலே 1974 சனவரி 3 ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் மாநாடு தொடங்கியது. ஊரெங்கும் தோரணம் கட்டி மக்கள் அறிஞரை வரவேற்றனர். ஆராய்ச்சி அமர்வுகள் செவ்வனே நிறைவேறின. சனவரி 10 ஆம் நாள் மாலை, வீரசிங்கம் மண்டபத்தின் முன் திரண்டிருந்த மக்களிடையே பொலிசார் புகுந்தனர். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது; துப்பாக்கி வெடித்தது; மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. அந்நிகழ்வில் உயிரிழந்தோர் 11 பேர் என நினைவுகூரப்படுகின்றனர். ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிறெற்சர் தலைமையிற் குடிமக்கள் அமைத்த விசாரணைக்குழு பொலிசாரின் செயலைக் கண்டித்தது. மொழியாராய்ச்சி கேட்க வந்தவர்கள் வீடு திரும்பாத அந்த மாலை, ஈழத்து இளைஞர் உள்ளத்தில் ஆறாத புண்ணாயிற்று. அதன் பின்விளைவுகளை நாடு பல பத்தாண்டுகள் சுமந்தது.

பின்னைய மாநாடுகளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1981 இல் மதுரையிலும், 1987 இல் மீண்டும் கோலாலம்பூரிலும், 1989 இல் மொரீசியசிலும், 1995 இல் தஞ்சாவூரிலும் அவை கூடின. மதுரை மாநாடு நடந்த 1981 ஆம் ஆண்டிலேயே தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியது, வ. ஐ. சுப்பிரமணியம் அதன் முதற் றுணைவேந்தரானார். 1995 இல் தஞ்சைக்குச் சென்ற ஈழத்தறிஞர் சிலர், பேராசிரியர் கா. சிவத்தம்பி உட்பட, மாநாட்டிற் கலந்துகொள்ள இயலாது திருப்பியனுப்பப்பட்டனர். அதன்பின் இருபதாண்டு இடைவெளி நேர்ந்தது. 2015 இற் கோலாலம்பூரிலும் 2019 இற் சிக்காகோவிலும் மன்றம் மீண்டும் கூடியது. இதற்கிடையே 1971 இலிருந்து திராவிட மொழியியலார் ஆண்டுதோறும் தமக்கெனத் தனி மாநாடு கூட்டலாயினர். அங்கே ஊர்வலமில்லை, ஒலியனும் உருபனும் வினைமுற்றும் பற்றிய கட்டுரைகளே உள.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஆராய்ச்சியவைக்கு இரண்டு இடர்கள் உள. ஒன்று, அரசின் ஐயம். 1974 இல் ஓர் அரசும், 1995 இல் மற்றோர் அரசும் கட்டுரை படிக்க வந்தோரைக் கண்டு ஐயுற்றன. ஐயுற்ற அரசுகள் வேறு வேறாயினும் இழப்பு ஒன்றே. மற்றொன்று, விழாவின் ஆரவாரம். ஆரவாரம் மிகுந்தவிடத்து மறுத்துரைப்போர் குரல் கேளாது; மறுப்பில்லாத அவையில் ஆராய்ச்சி இல்லை. இதனால் மக்கள் விலகியிருத்தல் வேண்டும் என்பது கருத்தன்று. பாரிசு மாநாட்டில் அமைதி இருந்தது, ஆனால் அம்மொழியை வீட்டிற் பேசும் மக்கள் இல்லை. யாழ்ப்பாணத்தில் மக்கள் இருந்தனர். அவர்தம் ஆர்வம் குற்றமாகக் கொள்ளப்பட்டது. மக்கள் அன்பும் அறிஞர் நடுவுநிலையும் ஓரிடத்தில் அச்சமின்றிக் கூடும் அவையே நாம் வேண்டுவது.

அத்தகைய அவைக்கு வேண்டும் பொருள் நம் மாவட்டத்திலே நிறைய உண்டு. கோணேசர் கோயிலுக்கு நிலம் வழங்கிய செய்தி கூறும் நிலாவெளிச் சாசனம், கி.பி. 1223 இல் வந்த சோடகங்கனைக் குறிக்கும் வடமொழிச் சாசனம், இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்ற வெல்கம் விகாரையின் தமிழ்க் கல்வெட்டுகள் ஆகியன மொழி வரலாற்றுக்குச் சான்றுகளாம். பௌத்தப் பள்ளியொன்றுக்குத் தமிழிலே தானம் பொறிக்கப்பட்டமை, மொழியையும் சமயத்தையும் ஒன்றென மயங்குவார்க்கு நல்ல விடையாகும். நாள்தோறும் நாம் வழங்கும் பாண், குசினி, சப்பாத்து என்பன போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. கந்தோர், கக்கூசு என்பன ஒல்லாந்தர் தந்தவை. கொடுத்தலும் ஒருபுறத்ததன்று. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பறங்கியர் வழங்கிய போர்த்துக்கேயக் கிளைமொழி, தமிழைப் போலவே வினையை வாக்கியத்தின் ஈற்றில் நிறுத்தக் கற்றுக்கொண்டது. அம்மொழியைப் பேசுவோர் அருகி வருகின்றனர். மூதூர், வெருகல்ப் பகுதிக் கரையோர வேடர் தமிழ் பேசி வாழ்கின்றனர். அவர்தம் சொற்களும் சடங்குப் பாடல்களும் முற்றும் தொகுக்கப்படவில்லை. வலை, தோணி, காற்று, நீரோட்டம் பற்றிக் கடற்றொழிலாளர் வழங்கும் சொற்களோ அகராதியேறாமலே முதியோருடன் மறைகின்றன.

பெரிய மாநாட்டுக்குப் பெரும்பொருள் வேண்டும். சிறிய அவைக்கு ஒரு வகுப்பறையும், பத்துப் பேரும், பணிவான ஒரு வினாவும் போதும். ஒவ்வொரு மாணவரும் தம் ஊர்ச் சொற்கள் நூறு தொகுத்து, பொருளும் இடமும் குறித்து, ஆண்டுக்கொருமுறை ஆசிரியர் முன்னிலையிற் படித்து மறுப்புக்கு விடையிறுப்பாராயின், அதுவே அதங்கோட்டாசான் அவையின் வழிவந்த அவையாகும். 1974 இல் தமிழாராய்ச்சியைக் கேட்கச் சென்று மாண்டவர்க்கு யாழ் முற்றவெளியருகே கல்லில் நினைவுச்சின்னம் உண்டு. அவர் கேட்க விரும்பிய ஆராய்ச்சியை இடையறாது நடத்துதல் நாம் செலுத்தவேண்டிய மற்றைக் கடனாகும்.